படியெடுத்தால் மட்டும் போதாது, ஒப்புநோக்கவும் வேண்டும்

தமிழ் நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் மின்படியாக்கும் பணிக்கு இன்று பணம் கிடைக்கிறது, பாராட்டும் கிடைக்கிறது. அப்படி எடுத்த படிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து புதியதற்கு மாற்றிவைக்கும் வேலைக்கு இரண்டுமே கிடைப்பதில்லை. ஸ்கேனர் வந்தால் திறப்பு விழா உண்டு. எத்தனை லட்சம் பக்கங்கள் இணையத்தில் ஏறின என்ற அறிவிப்பு உண்டு. பேக்கப்பை மாற்றுவதோ, யாராவது ஒருவர் மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் 'காப்பி', 'பேஸ்ட்' கொடுத்துவிட்டுப் போகிற காரியமாகவே கருதப்படுகிறது. பழைய டிஸ்க் ஒரு ஃபார்மட்டிலும் புதிய டிஸ்க் வேறொரு ஃபார்மட்டிலும் இருந்துவிட்டால், அந்த மாலை நேரக் காரியம் ஒரு தொகுப்பின் ஆயுளையே தீர்மானித்துவிடக்கூடும். மின்படிகளை இடம் மாற்றுவதும் ஸ்கேன் செய்வதற்குச் சமமான ஆவணப் பணிதான். அதற்குத் தனி நிதியும், பொறுப்பேற்கும் ஆளும், சரிபார்ப்பு விதியும் இருந்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைப் பேசச் சென்னையின் தரமணியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. இங்குள்ள மையத் தொழில்நுட்பப் பயிலக வளாகத்தில்தான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் அதே வளாகத்தில் இருக்கிறது. சற்றுத் தள்ளி, 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா. தமிழின் பழைய தாள்களும் ஓலைகளும், உலகம் முழுவதற்கும் மென்பொருள் எழுதித் தருகிற அலுவலகங்களும் ஒரே பேட்டையில் இருக்கின்றன. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, தன் வாழ்நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள், பாட்டுப் புத்தகங்கள் எனச் சேர்த்துவைத்தவர். அவர் 1992இல் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால், சிகாகோவுக்குக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே வைத்துக் காப்பது என்று முடிவெடுத்து, 1994இல் நூலகம் உருவானது. அந்த நாளில் காப்பதற்குக் கையாண்ட வழி மைக்ரோஃபிலிம். அந்தத் தேர்வில் இருந்த அறிவை இன்று மறந்துவிடுகிறோம். மைக்ரோஃபிலிமை முறையான குளிரிலும் வறட்சியிலும் வைத்தால் 500 ஆண்டுகள் வரை தாங்கும் என்பது துறையினரின் மதிப்பீடு. அதைப் படிக்க வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் போதும். எந்த நிறுவனத்தின் எந்த மென்பொருளும் வேண்டாம்.

ஹார்டு டிஸ்க்கின் சங்கதி வேறு. சென்னை ரிச்சி தெருவில் இன்று வாங்கும் டிஸ்க் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. லட்சக்கணக்கான ஹார்டு டிஸ்க்குகளை இயக்கும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு வரை ஆண்டுதோறும் பழுதாகின்றன. அதுவும் குளிரூட்டப்பட்ட அறையில், நாளெல்லாம் கண்காணிப்பில் இருப்பவை. அலமாரியில் போட்டுவைத்து, சென்னையின் ஈரக்காற்றில் கிடந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் டிஸ்க்குக்கு அந்த நற்பேறு கிடையாது. ஆகவே, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில் சர்ச்சை இல்லை. சிக்கல் மாற்றும்போது எழுகிறது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஃபைல்களை அடுக்குவதற்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. அதைத்தான் ஃபார்மட் என்கிறோம். விண்டோஸ் 1993 முதல் வளர்த்துவந்த முறை என்டிஎஃப்எஸ். ஆப்பிளின் பழைய முறை ஹெச்எஃப்எஸ் பிளஸ். 2017 முதல் ஏபிஎஃப்எஸ். லினக்ஸ் கணினிகளும், அலுவலகங்களில் பொதுச் சேமிப்புக்கு வைக்கும் பெட்டிகளில் பலவும் இஎக்ஸ்டி4 என்ற முறையைக் கையாள்கின்றன. மேக் கணினி என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும், எழுதாது. விண்டோஸ் கணினியோ, மேக்கிலும் லினக்ஸிலும் பயன்பட்ட டிஸ்க்கைச் செருகினால் பல நேரங்களில், 'இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று கேட்கும். உள்ளே பத்தாண்டு உழைப்பு இருக்கலாம்; கணினிக்கு அது வெற்று டிஸ்க். அவசரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் உள்ளே இருந்தவற்றின் அட்டவணை அழிந்துவிடும். பேக்கப் எடுத்தவர் வேலையை விட்டுப் போய், புதியவர் அந்த இருக்கையில் அமரும் அலுவலகங்களில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

இது எல்லா மொழியினருக்கும் பொதுவான சங்கடம். தமிழில் சேமிப்பவர்களுக்கென்றே கூடுதலாகச் சில பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஃபைலுக்கு எவ்வளவு நீளமாகப் பெயர் வைக்கலாம் என்பதில் ஒவ்வொரு ஃபார்மட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. என்டிஎஃப்எஸ்ஸில் 255 குறியீடுகள் வரை போகலாம். இஎக்ஸ்டி4இலும் எல்லை 255தான். ஆனால், அங்கே எண்ணப்படுவது பைட். ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட்டில் அடங்கும். யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும். 'க்' என்பதில் ககரம் ஒரு குறியீடு, புள்ளி இன்னொரு குறியீடு. ஆக ஆறு பைட். ஒரு மெய்யான நூலையே எடுத்துக்கொள்வோம். சி.வை. தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அதன் மின்படிக்கு 'தொல்காப்பியம் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரை சி. வை. தாமோதரம் பிள்ளை பதிப்பு 1885' என்று ஒரு நூலகர் பெயர் வைத்தால், அதில் தமிழ் எழுத்துகள் 40தான். பிடிஎஃப் என்ற பின்னொட்டையும் சேர்த்தால் அது 232 பைட் ஆகிவிடுகிறது. அதோடு 'முதற்பாகம்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள்: 263 பைட். விண்டோஸ் கணினியில் இந்தப் பெயருக்கு எந்தத் தடையும் இல்லை. அதே ஃபைலை லினக்ஸில் ஓடும் சேமிப்புப் பெட்டிக்கு மாற்றினால், பெயர் நீளம் என்று அது மறுத்துவிடும். பல்லாயிரம் ஃபைல்களை ஒரே மூச்சில் நகர்த்தும்போது மறுக்கப்பட்ட பதினைந்து ஃபைல்கள் யார் கண்ணிலும் படாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முகப்பில் தலைப்பு எவ்வளவு நீளமாக இருக்கும் என்பது அவற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விவரமாகப் பெயர் வைத்த கவனமான நூலகருக்குத்தான் இந்த இழப்பு நேர்கிறது. அதனாலேயே இது இன்னும் வருத்தம் தருகிறது.

இன்னொரு பள்ளம் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களில் இருக்கிறது. 'தொ' என்று எழுதும்போது, முன்னால் வரும் ஒற்றைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் சேமிக்கலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். திரையில் பார்த்தால் மயிரிழை வேறுபாடும் தெரியாது. ஆப்பிளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ், ஃபைல் பெயரில் உள்ள இத்தகைய எழுத்துகளைத் தானே பிரித்து இரண்டாக்கிச் சேமித்தது. விண்டோஸ் அப்படிச் செய்வதில்லை. வந்ததை வந்தபடி வைத்துக்கொள்கிறது, பிரித்தது வேறு, சேர்த்தது வேறு என்று கருதுகிறது. விளைவு என்ன? பழைய மேக் டிஸ்க்கிலிருந்து ஒரு முறை, விண்டோஸ் கணினியிலிருந்து ஒரு முறை என நகலெடுத்தால், ஒரே ஃபோல்டரில் இரண்டு 'தொல்காப்பியம்' நிற்கும். எது சரியான படி என்று பெயரைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அதைவிட மோசம், நூற்பட்டியலில் ஒரு வடிவமும் டிஸ்க்கில் இன்னொரு வடிவமும் இருந்தால், பட்டியலிலிருந்து ஃபைலைத் தேடும் மென்பொருள் 'இல்லை' என்று பதில் தரும். ஃபைல் பத்திரமாக இருக்கிறது, ஆனால் யாராலும் கண்டெடுக்க முடியாது. ஆய்வாளரைப் பொறுத்தவரை அது அழிந்ததற்குச் சமம். ஆங்கிலத்தில் பெயர் வைக்கும் அமெரிக்க நூலகம் இந்தத் தொல்லையைச் சந்திக்காது. ஆகவே, அங்கே எழுதப்பட்ட பேக்கப் வழிகாட்டிகளை அப்படியே இங்கே பின்பற்றினால் போதாது. தமிழுக்கென்று ஒரு நடைமுறையை நாம்தான் வகுத்துக்கொள்ள வேண்டும். ஃபைல் பெயரில் சுருக்கமான எண் மட்டும் இருக்கட்டும், முழு விவரமும் தனிப் பட்டியலில் இருக்கட்டும், அந்தப் பட்டியல் ஒவ்வொரு டிஸ்க்கிலும் உடன் போகட்டும் என்பது என் துணிபு.

பேக்கப் மென்பொருள்கள் தாமாக எடுத்துவைக்கும் படிகளில் சிக்கல் வேறு விதம். ஆப்பிளின் டைம் மெஷின் 2007இல் வந்தது. மாறாத ஃபைலை மறுபடி மறுபடி நகலெடுக்காமல், ஒரே படிக்குப் பல நாள்களிலிருந்தும் இணைப்பு கொடுத்து இடத்தை மிச்சப்படுத்தியது அது. ஏபிஎஃப்எஸ் முறைக்கு ஆப்பிள் மாறியபோது, பழைய முறையில் உள்ள பேக்கப் வரலாற்றைப் புதிய முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்குக்குக் கொண்டுபோக வழி வைக்கவில்லை. புதிய டிஸ்க்கில் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். அந்த இணைப்புகளைத் தாங்காத ஒரு ஃபார்மட்டுக்குக் கைமுறையாக நகலெடுத்தாலோ, ஒவ்வோர் இணைப்பும் முழு ஃபைலாக விரியும். 100 ஜிபி தொகுப்புக்குப் பத்து நாள் வரலாறு இருந்தால், அது 1,000 ஜிபியாக வீங்கி, புதிய டிஸ்க் பாதியிலேயே நிரம்பிவிடும். பழைய ஃபாட்32 டிஸ்க்குகள் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை ஏற்கவே மாட்டா. வாய்மொழி வரலாற்று நேர்காணல் ஒன்றின் வீடியோ இந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். எந்த நாளில் உருவான ஃபைல் என்ற விவரமும் சாதாரண நகலெடுப்பில் மாறி, நகலெடுத்த நாளாகிவிடக்கூடும். ஒரு புகைப்படத் தொகுப்பில் தேதியைத் தவிர வேறு குறிப்பே இல்லை என்றால், அந்த ஒரு மாலையில் அதன் வரலாறு போய்விடுகிறது.

இந்த இழப்புகளில் ஒன்றுகூடச் சத்தம் எழுப்புவதில்லை. நகலெடுத்து முடிந்தது என்று திரை சொல்லும். குறை வெளிப்படும் நாளில் பழைய டிஸ்க் தூக்கிப்போடப்பட்டிருக்கும், அல்லது புதிய வேலைக்காக அழித்து எழுதப்பட்டிருக்கும். ஆகவே, படியெடுத்தலோடு ஒப்புநோக்கலும் சேர்ந்தால்தான் வேலை முடிந்ததாகப் பொருள். தமிழுக்கு இது புதிய பாடமில்லை. ஓலை சில நூறு ஆண்டுகளில் சிதையும் என்பதால் நம் முன்னோர் புது ஓலையில் படியெடுத்துக்கொண்டே வந்தார்கள். படியெடுத்தவர்களின் கைப்பிழையும் கூடவே வந்தது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஒரே நூலின் பல சுவடிகளைத் தேடியதற்குக் காரணம், ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்த்தால்தான் எது விடுபட்டது, எது திரிந்தது என்று தெரியும் என்பதே. அவர் ஆண்டுக்கணக்கில் செய்ததைக் கணினி சில மணி நேரத்தில் செய்துவிடும். ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிட்டு, அதற்கே உரிய ஒரு நீண்ட எண்ணை உருவாக்கும் முறை உண்டு, செக்சம் என்பார்கள். ஃபைலில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். நகர்த்தும் முன் பட்டியல் எடுத்து, நகர்த்திய பின் மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டால், விடுபட்டதும் சிதைந்ததும் உடனே தெரியும். இதற்கான கருவிகள் விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் காசில்லாமல் கிடைக்கின்றன. ஃபைல்களையும் இந்தப் பட்டியலையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் 'பேக்இட்' என்ற முறையை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் கலிஃபோர்னியா மின்நூலகமும் சேர்ந்து உருவாக்கின. எந்த ஃபார்மட்டில் உள்ள டிஸ்க்கிலும் அது செல்லும். ஒப்புநோக்கி முடிக்கும் வரை பழைய டிஸ்க்கைத் தொடக் கூடாது என்ற ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே, மேலே சொன்ன விபத்துகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

பெரிய நிறுவனங்களுக்கு இதெல்லாம் நேராது என்று நினைப்பது தவறு. மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை இசைக் கலைஞர்கள் ஏற்றிய பாடல்கள் அனைத்தும், சர்வர்களை மாற்றும்போது போய்விட்டதாக 2019இல் தெரியவந்தது. பன்னிரண்டு ஆண்டு இசை, ஓர் இடமாற்றத்தில் அழிந்தது. ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், பேக்கப் எடுப்பதற்காக எழுதிய நிரலில் இருந்த பிழையால் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. மென்பொருள் நிறுவனமான கிட்லேப் 2017 ஜனவரி இறுதியில் ஓர் ஊழியரின் தவறால் தரவை இழந்து, பேக்கப்பைத் தேடியபோது, வைத்திருந்த ஐந்து ஏற்பாடுகளில் ஒன்றும் முறையாக வேலை செய்யவில்லை என்று கண்டது. இவற்றைவிட நமக்கு நெருக்கமான பாடம் லண்டனிலிருந்து வருகிறது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் மீது நடந்த தாக்குதலில் அதன் இணையச் சேவைகள் பல மாதங்கள் முடங்கின. மின்படிகளின் பாதுகாப்பான நகல்கள் தங்களிடம் இருந்ததாகவும், அவற்றை மீட்டு நிறுத்துவதற்கு ஏற்ற கணினிக் கட்டமைப்பு இல்லாததே தடையானது என்றும் அந்த நூலகமே 2024இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. பேக்கப் இருந்தது, திறந்து வைக்க இடமில்லை. அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டு இதழ்களும் நூல்களும் மின்படியாகியிருக்கின்றன. தரமணி நூலகமும் அதில் பங்கெடுத்தது. மூலம் உரிய நாட்டிலேயே இருக்க வேண்டும், ஒரு மின்படி உள்ளூர் நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி. அந்த விதி எவ்வளவு முன்யோசனையோடு எழுதப்பட்டது என்பதை 2023 உணர்த்தியது. உள்ளூரில் உள்ள படி படிக்கும் நிலையில் இருந்தால்தான் அந்த விதியால் பயன்.

'எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிட்டால் போயிற்று, டிஸ்க் எதற்கு?' என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்விதான். சென்னையில் இருப்பவருக்கு வெள்ளத்தை நினைத்தாலே கிளவுட் கவர்ச்சியாகத் தெரியும். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையும் வேளச்சேரியும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி மூழ்கின. தரைத்தளத்தில் உள்ள டிஸ்க் மட்டுமே ஒரு நிறுவனத்தின் ஒரே பேக்கப்பாக இருக்கக் கூடாது. ஆனால், கிளவுட் மட்டுமே ஒரே பேக்கப்பாக இருப்பதும் அதே தவறு. தென்கொரியாவின் தேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையம் 2025 செப்டம்பரில் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்கள் பயன்படுத்திவந்த பொதுச் சேமிப்பில் 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிது என்று சொல்லி அதற்கு வேறிடத்தில் பேக்கப் எடுக்கவில்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் உள்ள ஒரு நாட்டு அரசின் கிளவுட் அது. நம் சிறு நூலகங்களிலும் பதிப்பகங்களிலும் கிளவுட் கணக்கு பெரும்பாலும் ஒரு தனிநபரின் மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருக்கும். சந்தாவைக் கட்டத் தவறினாலோ, கடவுச்சொல் தெரிந்தவர் இல்லாமல் போனாலோ கதவு சாத்திக்கொள்ளும். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்ற பழைய விதி கிளவுட் காலத்திலும் மாறவில்லை. கிளவுடிலிருந்து இறக்கிப் புதிய டிஸ்க்கில் வைக்கும் நாளிலும், பெயர் நீளமும் ஒகரக் கொம்பும் அதே தொல்லையைத் தரத்தான் செய்யும்.

'எல்லாக் கணினியும் படிக்கிற எக்ஸ்ஃபாட் ஃபார்மட் இருக்கிறதே, அதையே எங்கும் வைத்துக்கொள்ளலாமே' என்பது கணினி தெரிந்தவர்கள் சொல்லும் மறுப்பு. இதில் பாதி உண்மை. மைக்ரோசாஃப்ட் 2006இல் கொண்டுவந்த இந்த முறையின் விவரங்களை 2019இல் பொதுவில் வெளியிட்டது. அதே ஆண்டு லினக்ஸிலும் அது நேரடியாக இடம்பெற்றது. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் அதைப் படிக்கின்றன, எழுதுகின்றன. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிச்செல்ல இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ வயரை உருவினாலோ, நடந்ததைத் திரும்பப் பார்த்துச் சீர்செய்யும் குறிப்பேடு அதில் இல்லை. என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 போன்றவற்றில் அது உண்டு. கோப்புகளுக்கு இடையிலான இணைப்புகளையும், யார் திறக்கலாம் என்ற அனுமதிகளையும் எக்ஸ்ஃபாட் காப்பாற்றாது. ஸ்கேன் செய்த படங்களுக்கு இணைப்பும் அனுமதியும் தேவைப்படாது என்பதால், அத்தகைய தொகுப்புக்கு எக்ஸ்ஃபாட்டில் ஒரு படி இருப்பதை நான் எதிர்க்கவில்லை. செக்சம் பட்டியலோடு இருந்தால் வரவேற்கவே செய்வேன். எல்லாப் படிகளும் அதே ஃபார்மட்டில் இருப்பதைத்தான் எதிர்க்கிறேன். வெவ்வேறு ஃபார்மட்டுகளில் படிகள் இருந்தால் ஒரே குறை எல்லாவற்றையும் ஒன்றாகத் தாக்காது.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு: மூல நூல் அலமாரியில் இருக்கும்போது மின்படி போனால் என்ன, மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாமே? நூறாண்டுக்கு முந்தைய அமிலத் தாளைக் கையாண்டவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். விரித்தால் ஒடிகிற தாளை இரண்டாம் முறை விரிக்க நேர்ந்தால், மூலமே மிஞ்சாமல் போகலாம். ஒற்றைப் படியை நம்பியிருப்பதன் விலை என்ன என்பதை 1981இல் 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் தமிழருக்குச் சொல்லிவிட்டது. அந்த நினைவின் தொடர்ச்சியில்தான் 2005இல் நூலகம் என்ற ஈழத்து மின்நூலகம் தொடங்கியது. அதற்கும் மேலாக, 1990களுக்குப் பிறகு வெளிவந்த தமிழ் நூல்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் தாள் மூலம் என்பதே பின்வந்தது. முதலில் இருந்தது பேஜ்மேக்கர் ஃபைல். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, அதோடு சரி. உள்ளே இருக்கும் தமிழோ ஒவ்வொரு எழுத்துரு நிறுவனத்தின் தனிக் குறியீட்டில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். டிஸ்க்கை நல்லபடியாக மாற்றிவிட்டு, உள்ளிருப்பதைப் படிக்க முடியாத நிலையில் விட்டால், அது பாதி வேலைதான். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் முயற்சி இதில் நமக்கு நல்ல முன்மாதிரி. யூனிகோடு பரவுவதற்கு முன் பழைய குறியீட்டில் ஏற்றிய இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் யூனிகோடுக்கு மாற்றினார்கள். அந்தச் சலிப்பூட்டும் வேலையை யாரும் செய்யாமல் விட்டிருந்தால், இன்று கைப்பேசியில் அந்த நூல்களை ஒருவரும் படிக்க முடியாது.

பணமும் ஆளும் இல்லையே என்பது கடைசி மறுப்பு. இதுவே மிகவும் நேர்மையானதும்கூட. சிறு நூலகங்கள் மின்கட்டணத்துக்கே திண்டாடுகின்றன. ஆனால், இங்கே தேவைப்படும் செலவு ஸ்கேனர் விலையோடு ஒப்பிட்டால் சிறியது: ஐந்தாண்டுக்கு ஒருமுறை சில டிஸ்க்குகள், ஆண்டில் சில நாள் ஒரு பயிற்சி பெற்றவரின் உழைப்பு. அந்த உழைப்பு எங்கே கிடைக்கும் என்று தரமணி நிறுவனங்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. அதே வளாகத்தில் டிப்ளமோ படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு தொகுப்பின் செக்சம் பட்டியலைத் தயாரித்து, வேறு ஃபார்மட்டில் உள்ள டிஸ்க்குக்கு மாற்றி, ஒப்புநோக்கி அறிக்கை தருவதை அவர்களின் செயல்முறைப் பாடமாக்கினால், மாணவருக்கு வேலைச் சந்தையில் பயன்படும் பயிற்சி, நூலகத்துக்குச் சரிபார்த்த பேக்கப். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பண்பாட்டுச் சொத்துகளைக் காப்பதும் பொது நூலகங்களும் அதன் பட்டியலில் வெளிப்படையாக இடம்பெற்றிருக்கின்றன. பழைய மகாபலிபுரம் சாலை நெடுக உள்ள மென்பொருள் நிறுவனங்களுக்கு இதைவிடத் தங்கள் தொழிலுக்குப் பொருத்தமான சமூகப் பணி வேறு என்ன இருக்க முடியும்? சுவரில் பெயர்ப் பலகை மாட்ட இதில் இடமில்லைதான். ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டும், வற்புறுத்தியும் கேட்க வேண்டும்.

அரசுக்கும் இதில் நேரடிப் பொறுப்பு உண்டு. 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் ஒன்றிய அரசு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை ஆவணப்படுத்திப் பாதுகாக்கும் ஞான பாரதம் திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாட்டில் கோயில்களில் உள்ள ஓலைச்சுவடிகளைத் தேடிப் பராமரித்து மின்படியாக்கும் பணி, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு நடக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆயிரக்கணக்கான நூல்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. இவையெல்லாம் பெருமைக்குரிய பணிகள். மின்படியாக்கத்துக்கு இனி நிதி ஒதுக்கும் ஒவ்வோர் ஆணையிலும் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும். ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை, திட்டம் முடிந்த பிறகு வரும் பத்தாண்டுகளின் இடமாற்றச் செலவுக்கென்று தனியே வைக்க வேண்டும். படிகளுக்குப் பொறுப்பான அலுவலர் யார் என்பதைப் பதவிப் பெயரோடு குறிப்பிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து சில நூறு ஃபைல்களையாவது வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்த்து, எத்தனை திறந்தன, எத்தனை திறக்கவில்லை என்பதைப் பொதுவில் வெளியிட வேண்டும். ஏற்றிய பக்கங்களின் எண்ணிக்கையை அறிவிக்கும் துறைகள், இந்த எண்ணிக்கையையும் அறிவிக்கட்டும். வரும் நிதியாண்டுக்கான ஒதுக்கீடுகளிலேயே இதைத் தொடங்கலாம். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, ஓர் அரசாணையே போதும்.